கட்டில் சாரோடு இன்ஸ்பெக்‌ஷன் போன கதை

திருவனந்தபுரம் மாவட்டத்து முதியோர் இல்லங்களில் கட்டில் சார் படுத்துப் பார்க்காத கட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மரக்கட்டில், இரும்புக் கட்டில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றிலும் படுத்திருக்கிறார். கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த ஒரு கட்டிலையும் விடவில்லை. அதிலிருந்து அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதில் நான் ஒருத்தி.

இல்லங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற இன்ஸ்பெக்டர் அவர். கூடப் போய்க் குறிப்பெடுக்கிற தற்காலிக கிளார்க் நான். ஆபீஸ் ஜீப் நான் சேர்ந்த நாள் முதல் வொர்க்‌ஷாப்பில் இருந்தது. ஆகவே கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய், இறங்கி, வெயிலில் நடந்து, இல்லத்து வாசலை அடையும்போது, அங்கே இருக்கிறவர்களைவிட நாங்கள்தான் கவனிப்பு தேவைப்படுகிறவர்களாக இருப்போம்.

மேனேஜர்கள் எங்களை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, டீயும் நேந்திரங்காய் வறுவலும் வைத்து, ரிஜிஸ்டர்களை அடுக்குவார்கள். கட்டில் சார் டீயைக் குடிப்பார். ரிஜிஸ்டரைத் தொடமாட்டார். எழுந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குளிக்கப் போயிருக்கிற யாரோ ஒருவரின் கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் நாள் எனக்கு உயிரே போய்விட்டது. "சார், எழுந்திருங்கோ. எல்லாரும் பாக்கறா" என்றேன்.

"எழுது மக்ளே" என்றார் படுத்தபடியே. பாறசாலைப் பக்கத்துக்காரர். என்னை மட்டுமல்ல, தொண்ணூறு வயதுக்காரர்களையும் மக்ளே என்றுதான் கூப்பிடுவார். "ஃபேன் காத்து நேரே மூஞ்சில அடிக்கி. லைட்டு கண்ணுல குத்துது. சுவிச்சு கைக்கு எட்டாது. தண்ணி கிளாஸ் வலப்பக்கம் இரிக்கி, இந்தக் கட்டில்காரருக்கு வலக்கை வராது. நின்னு பாத்தா இதொண்ணும் தெரியாது, கேட்டியா."

நான் எழுதினேன். மேனேஜர் வந்து தண்ணீர் கிளாஸை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். ஒருநாள் அங்கே வேலை செய்கிற சேச்சியிடம், கைநடுக்கம் உள்ள பாட்டிக்கு ஊட்டுகிற அதே வேகத்தில் தனக்கும் கஞ்சி ஊட்டச் சொன்னார். அந்த அம்மாள் தயங்கினாள். பிறகு, எட்டுப் பேருக்கு ஊட்டவேண்டிய அவசரத்தில், மறந்துபோய் நிஜமாகவே ஊட்ட ஆரம்பித்தாள். சார் கண் பிதுங்க இருமினார். பேச்சு வந்ததும், "எழுது. நாலாவது ஸ்பூன் வரும்போ ரெண்டாவது ஸ்பூன் தொண்டையில நிக்கி" என்றார். அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டுப் பேருக்கு ஒருத்தி போதாது என்றுதான் எழுதச் சொன்னார்.

கல்லாற்றுப் பக்கம் ஓர் இல்லத்தில் நடந்ததைச் சொன்னால் ஆபீஸில் இன்றும் சிரிக்கிறார்கள். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வந்த அசதி. சார் சோதனைக்காகப் படுத்தவர் உண்மையிலேயே தூங்கிவிட்டார். நான் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வந்தால், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெண் அவரை "அப்பூப்பா, அப்பூப்பா" என்று தாத்தாவைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சியபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்து, பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாற்றுவதற்கு டயபர் தயாராக இருந்தது.

"ஐயோ, அவர் இன்ஸ்பெக்டர்" என்றேன்.

அவள் பவுடர் டப்பாவைக் கீழே போட்டாள். சார் கண்ணைத் திறக்காமல், "விடு மக்ளே, பிள்ளை நல்லாச் செய்யுது. பதறாத கை. எழுதிக்கோ" என்றார். அந்த இல்லத்துக்கு அவர் எழுதின பாராட்டு, நான் பார்த்த ஒரே பாராட்டு.

இப்படியே போயிருந்தால் இதை ஒரு சிரிப்புக் கதையாக முடித்திருக்கலாம். ஆனால் விதுரா போகிற சாலையில் ஓர் இல்லம் இருந்தது. வாசலில் பூச்செடிகள், சுவரில் வரிசையாகக் கேடயங்கள். மாடியில் ஒன்பது பேர், இரண்டு பேர் நடக்க முடியாதவர்கள். படிக்கட்டின் மேலே ஒரு கிரில் கதவு. ஞாபகமறதிக்காரர்கள் இறங்கிப் போய்விடக்கூடாது என்று வாட்ச்மேன் அதைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். அன்று நாங்கள் மாடியில் இருப்பது தெரியாமல், வழக்கம்போல் ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

சார் ஒரு கட்டிலில் இருந்தார். நான்தான் முதலில் புகையைப் பார்த்தேன். படிக்கு அடியில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பாட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிரில்லைப் பிடித்துக் கத்தினேன். கீழே மேனேஜர் கையை உதறிக்கொண்டு ஓடினார். மாற்றுச் சாவி என்று ஒன்று அந்த இல்லத்தில் கிடையாது.

கட்டில் சார் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. போர்வைகளை நனைத்துக் கிரில்லில் தொங்கவிடச் சொன்னார். நடக்க முடியாத இரண்டு பேரையும் மெத்தையோடு இழுத்து பால்கனிப் பக்கம் கொண்டுபோனோம். "எல்லாரும் தரையில இரிங்க மக்ளே. புகை மேல போவும், நம்ம கீழ இரிப்போம்" என்று தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் அவர் தோளைத் தட்டி, "வண்டி பிரேக் டவுனா?" என்று கேட்டார்.

"ஆமா சேட்டா. மெக்கானிக் வந்துட்டே இரிக்கான்."

"வழியில நிறுத்தினா பாசஞ்சர் சத்தம் போடுவாங்க."

"நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் சார். அவருடைய கை என் கையைப் பிடித்திருந்தது.

இருபது நிமிஷம் கழித்து, சமையல்கார அம்மாள் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து, சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வெளியிலிருந்து பூட்டை உடைத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருமல்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அந்த இருபது நிமிஷத்தைவிடக் களைப்பானவை. ரிப்போர்ட்டைப் படித்த மேலதிகாரி சாரைக் கூப்பிட்டார்.

"புகைன்னு வேண்டாம். லேசான வாடைன்னு போடுங்க."

"வாடைக்கு யாரு சார் இருமுவா?"

ரிப்போர்ட் திரும்பி வந்தது. சார் அப்படியே மறுபடி அனுப்பினார். அது மறுபடி திரும்பி வந்தது. கடைசியில், உடன் இருந்த சாட்சியின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். சார் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. அது புதுப்பிக்கிற மாதம்.

"நாளைக்குப் போடறேன் சார்" என்றேன்.

அவர் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுநாள் காகிதம் வேறு மாதிரி டைப் ஆகியிருந்தது. மாடியில் தான் மட்டும் இருந்ததாகவும், கிளார்க் கீழே ஆபீஸ் அறையில் ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார்.

"நீ கீழ நின்ன, கேட்டியா" என்றார். அவர் ரிப்போர்ட்டில் எழுதிய ஒரே பொய் அது.

என் வேலை புதுப்பிக்கப்பட்டது. சாரைக் காசர்கோட்டுக்கு மாற்றினார்கள். மாநிலத்தின் அந்தக் கோடி. வழியனுப்ப நான் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கோப்பு என் மேஜைக்கே வந்தது. இல்லத்துக்காரர்கள் பதில் எழுதியிருந்தார்கள். புகை எதுவும் வரவில்லை, கதவு பூட்டியிருக்கவில்லை, இன்ஸ்பெக்டர் கட்டிலில் படுத்துத் தூங்கிக் கனவு கண்டிருக்கிறார். சாட்சி இல்லாததால் கோப்பை முடிக்கலாம் என்று குறிப்பு எழுதவேண்டியது நான்.

மத்தியானம் வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். அதை மேலே அனுப்பிவிட்டு, வேலை போய்விடும் என்று தினமும் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவர், அநேகமாகச் சண்டை போட அலுத்துப்போய், கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார். கிரில்லை எடுத்துவிட்டு, உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாளோடு கதவு போட உத்தரவு போனது. நானே போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் காசர்கோட்டுக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன்.

"என்னத்த மக்ளே எழுதின?"

எடுத்து வைத்திருந்த நகலைப் படித்துக் காட்டினேன். "நான் கீழே நிற்கவில்லை. மாடியில் பூட்டிய கதவுக்கு உள்ளே இன்ஸ்பெக்டரோடு இருந்தேன். புகையைக் கண்டேன். மூச்சு முட்டியது."

"என் ரிப்போர்ட்டப் பொய்யாக்கிட்டியே" என்றார்.

"ஆமாம் சார்."

பிறகு, "இன்னொரு வாட்டி படி" என்றார்.

படித்தேன். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக.