நீ சொன்ன மருந்தும் என் நாலு ஏக்கர் குளோவரும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, பதினோரு மாடுகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே வீட்டிலும் உன் பூச்சிமருந்துக் கடையிலும் அனைவரும் சுகந்தானே?

நான் போனில் என்ன கேட்டேன்? புல்லும் குளோவர் என்கிற தீவனச் செடியும் கலந்த மேய்ச்சலில் முட்செடி மண்டிவிட்டது, மாடுகள் வாய் வைக்க மாட்டேன் என்கின்றன, ஒரு வழி சொல் என்றேன். "இந்தக் களைக்கொல்லி அகல இலைச் செடியைத்தான் கொல்லும் அத்தான், புல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொன்னாய். நம்பினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் தெளிப்பான் இரவல் வாங்கி, நாலு ஏக்கரிலும் ஒரு மூலை விடாமல் அடித்தேன். முடித்துவிட்டு டப்பாவைப் பார்த்தால், எறும்பு சைஸ் எழுத்தில் பதினாலு நாள் மாடு மேயக் கூடாதாம்! எல்லாவற்றையும் கொட்டகையில் அடைத்து, வைக்கோல் சுமந்து சுமந்து என் இடுப்பு போச்சு. நடுவில் மூத்த கறவை கதவை முட்டித் திறந்து, கொடியில் காய்ந்த என் ஒரே நல்ல சட்டையில் பாதியைத் தின்றுவிட்டது. பதினைந்தாம் நாள் மேய்ச்சலுக்குப் போனால், புல் ஜம்மென்று நிற்கிறது, குளோவர் மொத்தமும் கருகிக் கிடக்கிறது. அதுவும் அகல இலைதானாமே! கடையில் உனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையா? முட்செடியோ சும்மா வாடுகிற மாதிரி நடித்துவிட்டு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அந்தக் குளோவர் உன் அக்கா தன் கையால் விதைத்தது. இப்போது என்னோடு பேச்சே இல்லை. பால் கறக்கும்போது மாட்டிடம்தான், "உனக்காவது சொன்னா புரியுது" என்கிறாள்.

நீயும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். யாருக்கும் யோசனை மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
வயிறு எரியும் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். பேச்சும் வந்துவிட்டது. "குளோவர் இருக்கிற இடத்துல முழுக்க அடிக்காதீங்க, முட்செடி மேல மட்டும் துணியால தொட்டு வைங்கன்னு அவன் ரெண்டு தடவை சொன்னான். நீங்க சரி சரின்னு போனை என் கையில குடுத்துட்டுத் தெளிப்பான் கேக்க ஓடினீங்க!" வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து கிலோ குளோவர் விதை அனுப்பவும். எப்படி விதைப்பது என்பதை அக்காவிடம் சொல்லவும்.