மூக்கர் வீட்டுக் கொடி

"மணம் வருதாங்க? எனக்கு ஒண்ணும் தெரியலை."

வாசல் கம்பிப் பந்தலில் அன்று காலைதான் ஹனிசக்கிள் பூத்திருந்தது. தேனாய் மணக்கும் என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்து கொடுத்த கொடி. ஒரு வருடமாகத் தண்ணீர் ஊற்றிய மனைவி, கணவரின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது சாதாரண மூக்கு இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் மணம் பார்க்கிற மூக்கு. அதனாலேயே ஊருக்கு அவர் மூக்கர். இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஜலதோஷம், போகும்போது அந்த மூக்கின் மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

பூவை மூக்கில் வைத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. எப்படித்தான் மணக்குமோ என்ற ஏக்கத்தில் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"தேன். நடுவுல லேசா எலுமிச்சை," என்றார்.

"அப்ப என் மூக்குலதான் கோளாறு," என்று ஒப்புக்கொண்ட மனைவி, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்காவும் தயங்கினாள். காற்று திரும்பினால் தெருமுனை வரைக்கும் எலுமிச்சை மணக்கும் என்று மூக்கர் அடித்துச் சொன்னார். அக்காவுக்கு உடனே மணந்துவிட்டது.

அக்காவின் கணவர் அதே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாளே மேலாளர் கூப்பிட்டு, அந்த மணத்தில் புது சோப்பு போடலாமே என்றார். தப்பிக்க நினைத்த மூக்கர், சாயங்காலம் மட்டும்தான் அது மணக்கும் என்று ஒரு போடு போட்டார்.

"நல்லதாப் போச்சு. வேலை முடிஞ்சு உங்ககூடவே வர்றேன்," என்றார் மேலாளர்.

வந்தேவிட்டார். அவர் வேறு ஏதாவது மணத்தைச் சொல்லிவிட்டால் கதை கந்தல்.

மேலாளர் பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். பிறகு தொழிற்சாலையில் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"தேன். நடுவுல லேசா எலுமிச்சை."

"அதேதான். அப்படியே சோப்புல இறக்கிடலாம்."

மூக்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலாளர் அவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தபோது, நர்சரிக்காரர் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார்.

"மன்னிச்சுக்கணுங்க, கொடி மாறிப்போச்சு. இன்னொருத்தர் வீட்டுல பூத்தப்பதான் தெரிஞ்சுது. உங்களுக்குக் குடுத்தது வெறும் அழகுக்கு வைக்கிறது, மணமே கிடையாது. நல்லவேளை, யாரும் மோந்து பார்க்கறதுக்குள்ள வந்துட்டேன்."