தமிழுக்கு லேப் கேட்டவர்

இந்தியாவிலேயே தமிழ்த் துறைக்கு லேப் கேட்ட ஒரே வாத்தியார் எங்கள் திருவொற்றியூர் கல்லூரியில்தான் இருந்தார். அடக்கம் கருதி இந்தியா என்கிறேன். உலகத்திலேயே என்று சொன்னாலும் மறுத்துப் பேச யாரும் வரப்போவதில்லை.

மாணவர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் 'பிராக்டிகல் சார்'. நான் பொருளியல். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது என்பதால் புலம்பலை முதலில் கேட்கும் பாக்கியம் எனக்கு.

"கெமிஸ்ட்ரிக்காரர் ஆசிட்டை ஊத்திக் காட்டுறார், பசங்க வாயைப் பொளந்துகிட்டு பாக்குறாங்க. நான் மட்டும் பிரிவு, சோகம், வெயில்னு வாயாலயே சொல்லிட்டிருந்தா எவன் சார் நம்புவான்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்கு எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வகுப்பு. எதிரே பி.காம். இரண்டாமாண்டு. பாதிப் பேர் விடியற்காலையில் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துத் தூங்கக் கற்றுக்கொண்டவர்கள். வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். தலைவி கண் கலங்குகிற இடம் பார்த்து ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும்.

லேப் கிடைக்கவில்லை. அவர் லேப் இல்லாமலே செய்முறை வகுப்பை ஆரம்பித்துவிட்டார்.

பாலைத் திணைக்கு மொட்டை மாடி. காதலனை நம்பிச் சுடுமணலில் நடந்து போன பெண்ணை, உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னார். மாணவர்கள் நினைத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கி ரோஸ் மில்க் குடிக்கப் போய்விட்டார்கள். கடைசிவரை கண்ணை மூடி நின்றவர் சார் மட்டும்தான். ஒரு வாரம் காலில் துணி சுற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்.

ஒப்பாரிக்கு வகுப்பே சேர்ந்து அழ வேண்டும் என்றார். இது பையன்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாரில் அடித்துக்கொண்டு அவர்கள் அழுத அழுகையில் லாரிகளே ஹாரனை நிறுத்திவிட்டன. எதிர் டீக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு ரோஜா மாலையோடு மாடியேறி வந்து சாரிடமே தணிந்த குரலில் கேட்டார்.

"எப்போ சார் எடுக்கறாங்கோ?"

அவர் பின்னாலேயே எங்கள் முதல்வர் அம்மாவும் வந்தார். சார் ஒப்பந்த ஆசிரியர். இன்னொரு புகார் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று அந்த அம்மா மாலைக்காரர் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

சார் ஒரு மாதம் சாதுவாக இருந்தார். பிறகு பாடத்தில் 'அறத்தொடு நிற்றல்' வந்தது. தலைவி வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிற காதலை, அவள் தோழி போய்த் தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிற துறை அது. சார் வீட்டுப்பாடம் கொடுத்தார்: உங்கள் தோழி வீட்டில் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தை அவள் அம்மாவிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

"இது சத்தமே வராத பிராக்டிகல் சார்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

தண்டையார்ப்பேட்டை நஸ்ரீன், தன் தோழி கலைவாணிக்காக நேராகக் காசிமேட்டுக்குப் போனாள். கலைவாணியின் அம்மா அங்கே மீன் ஏலம் எடுப்பவர். நடந்ததை நஸ்ரீனே பிறகு எங்களிடம் சொன்னாள்.

"ஆன்ட்டி, கலைக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. சோறு எறங்கல. வளையல் கயண்டு கயண்டு வுழுது."

பாடத்தில் வருகிற தாய்க்கு இவ்வளவு போதும். காசிமேட்டுத் தாய்க்கும் போதுமானதாகத்தான் இருந்தது. அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"யார்டி அவன்?"

"அவன் இல்ல ஆன்ட்டி, அரியர். தமிழ்ல ரெண்டு."

மறுநாள் காலை அந்த அம்மா ஒரு கையில் மகளையும் மறு கையில் நஸ்ரீனையும் பிடித்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் நுழைந்தார். சார் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"தமிழ்ல பெயிலாம். வூட்ல நாங்க இன்னா ஜப்பான் பாஷையா பேசிக்கினு கீறோம்? லவ்வுன்னா கூட பையன் யாரு இன்னான்னு விசாரிச்சிருப்பேன். இதுக்கு நான் எவன்கிட்ட போயி விசாரிக்கறது? போதும் மேடம். வண்ணாரப்பேட்டை துணிக்கடைல சொல்லி வச்சிட்டேன். நாளைலேர்ந்து இவ அங்கதான் போவா."

கலைவாணி சத்தமில்லாமல் அழுதாள். கணக்கியலில் வகுப்பிலேயே முதலில் நிற்கிற பெண். ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்று கனவு கண்டுகொண்டிருந்தவள். தமிழ்தானே என்று சார் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும்.

சார் எழுந்து நின்றார்.

"பொண்ணு மேல தப்பு இல்லம்மா. நான்தான் பாடத்தை முடிக்கல. பிராக்டிகல் பிராக்டிகல்னு நாளைக் கடத்திட்டேன்."

பச்சைப் பொய். கல்லூரியில் எல்லோருக்கும் முன்னால் பாடத்தை முடித்துவிட்டு, சனிக்கிழமைகளில் தனி வகுப்பும் வைத்தவர் அவர். முதல்வர் அம்மா பேனா மூடியைக் கழற்றினார். கலைவாணி "இல்ல மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் சார்.

கலைவாணியின் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ பெயிலு நீதான்."

"ஆமாம்மா."

"சரி, ஒத்துக்கினியே. இவ வரட்டும். நீ ஒயுங்கா நடத்து நைனா."

கலைவாணி தப்பினாள். சாருக்கு அந்த ஆண்டு முடியும்வரைதான் வேலை என்று முதல்வர் அம்மா சொல்லிவிட்டார். மிச்சமிருந்த மாதங்களில் செய்முறை எதுவும் இல்லை. சாக்பீஸ், கரும்பலகை, மதிய இடைவேளையில் கலைவாணிக்குத் தனிப்பாடம், அவ்வளவுதான். நஸ்ரீனும் கூடவே வந்து உட்காருவாள். ரெண்டு அரியரும் போயிற்று.

தேர்வு முடிவு வந்தது சாருடைய கடைசி வாரத்தில். கலைவாணியின் அம்மா ஆசிரியர் அறைக்கே வந்து, ஒரு முழு வஞ்சிர மீனை அவரிடம் நீட்டினார். சார் முட்டை வாசனைக்கே மூக்கைப் பிடிக்கிற சைவம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்லூரி விட்டதும் அதை என் வீட்டுக்கு எடுத்து வந்து, என் மனைவி குழம்பு வைத்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்.

நான் சாப்பிட, எதிரில் அவர் மோர் சாதம் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார் இருக்கு? உப்பு, காரம், மீனோட பதம், எல்லாம் சரியாச் சொல்லுங்க. அந்தம்மா வழில பாத்துக் கேட்டாங்கன்னா நான் பதில் சொல்லணும்."

எனக்கு ருசியே தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் அந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும் என்பது மட்டும்தான் தெரிந்தது. அருமையாக இருக்கிறது சார் என்றேன்.