பதினான்காம் நோயாளி

"அந்தப் பதினாலாம் நம்பர் அம்மாவைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. நான் அவங்களைப் பார்க்கணும்" என்றார் பெரிய டாக்டர்.

மாப்பிள்ளை தலையாட்டிவைத்தார். கூட்டிக்கொண்டு வரலாம்தான். அப்படி ஒரு அம்மா உலகத்தில் இருக்க வேண்டுமே.

மாப்பிள்ளை என்பது வீட்டில் அவருக்கு உள்ள பெயர். மாமியார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனைவிக்கே சில நேரம் வாய் தவறி அப்படி வந்துவிடும். நாமும் அதையே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியின் காகித ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை அவருடைய கம்பெனி எடுத்திருந்தது. டிசைன் திங்கிங் முறையில் செய்து தருகிறோம் என்று மேலாளர் மார்தட்டி வாங்கிய ஒப்பந்தம் அது. அதாவது, கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் இருபது நோயாளிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் சொல்வதையும் சொல்லாமல் மறைப்பதையும் மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

மாப்பிள்ளை போகத்தான் செய்தார். காத்திருக்கும் கூடத்தில் பத்து நிமிஷம் நின்றார். முன்பின் தெரியாதவர்களிடம் போய் உங்களுக்கு என்ன வியாதி என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரே ஒருவரிடம்தான் பேசினார். அவரும் நோயாளி இல்லை, ஃபைல் அறைக்காரர். இத்தனை ஆயிரத்தில் ஒருத்தர் ஃபைலை எப்படித் தேடி எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "முகத்தைப் பார்த்தா எடுத்துடுவேன் சார்" என்றார் அவர். 'முதலில் ஒழிக்க வேண்டியது இது' என்று மாப்பிள்ளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தவர், மூன்று டீ குடிப்பதற்குள் இருபது நோயாளிகளையும் பெற்றுப்போட்டார்.

பத்தொன்பது பேர் சப்பென்றுதான் இருந்தார்கள். பதினான்காம் அம்மா மட்டும் எங்கிருந்தோ உயிரோடு வந்து உட்கார்ந்துகொண்டார். மருந்துச் சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைப்பார். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்துவார். உடம்பு எப்படி என்று கேட்டால், எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்பார். பெரிய டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டு நிர்வாகத்தில் உட்கார்ந்து பல வருஷமாகிறது. அவரே சுவரில் அந்த அம்மாவின் மஞ்சள் சீட்டின் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய இடம் அன்றைக்கு முழுக்கக் கூசிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாவைத்தான் இப்போது கூட்டிவரச் சொல்கிறார்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று மறுநாள் காலையில் சொல்லிப் பார்த்தார் மாப்பிள்ளை. அப்படியானால் அவர் வரும்வரை எல்லா வேலையையும் நிறுத்தி வையுங்கள் என்றார் டாக்டர். மேலாளரின் முகம் போன போக்கைப் பார்த்து, மத்தியானமே அம்மாவை ஊரிலிருந்து திரும்ப வரவழைத்தார். ஆனால் பாவம், நடக்க முடியவில்லை என்றார். அதற்கென்ன, விலாசத்தைக் கொடுங்கள், எல்லோருமாக வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுந்தேவிட்டார். சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குக் கால் சரியாகிவிட்டது.

மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை அந்தம்மா வரலேன்னா ஒப்பந்தம் போயிடும். ஒப்பந்தம் போனா உங்க நாற்காலியும் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை, மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, மாப்பிள்ளை சமையலறை வாசலில் போய் நின்றார். மாமியார் அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை இருக்கும்போது கூடத்தில் உட்கார மாட்டார். தும்மல் வந்தால்கூடச் சமையலறைக்குப் போய்த்தான் தும்முவார். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பொய் சொல்ல வரச் சொல்கிறோமே என்று மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அத்தை, ஒரு சின்ன உதவி. ஒரு மணி நேரம் நோயாளி மாதிரி நடிக்கணும்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார் மாமியார். சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டிய மஞ்சள் சீட்டை வாங்கி ஒரு தடவை படித்தார். மறுபடியும் மேலேயிருந்து படித்தார்.

"இதெல்லாம் யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை அத்தை. நானாக் கற்பனை பண்ணினது."

மாமியார் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு படித்த மாப்பிள்ளை இப்படி ஒரு புளுகனா என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று இவருக்குக் காது மடல் சுட்டது.

"சரி. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எத்தனை மணிக்கு வரணும்?"

எங்கே தயங்க வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பது வரை மாப்பிள்ளை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எழுந்து மாமியாருக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். வயதுக்கு மரியாதை என்று மாப்பிள்ளை மகிழ்ந்துபோனார். மாமியார் உட்காரவில்லை. யாரையும் வழி கேட்காமல் இடதுபக்கம் திரும்பி லிஃப்ட் அருகே போய் நின்றார். கைப்பையில் நசுங்கிப்போன ஒரு பிஸ்கட் டப்பா தெரிந்தது. நடிப்பு என்று இறங்கிவிட்டால் அத்தை எதையும் விடமாட்டார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை மெச்சிக்கொண்டார்.

மேலே டாக்டரும் மேலாளரும் காத்திருந்த கூட்டத்தில், சொல்லிக்கொடுத்த வசனம் ஒன்றுகூட மாமியார் வாயில் வரவில்லை. பெருமூச்சும் வரவில்லை. மாத்திரையை ஏன் பாதியாக உடைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"முழுசாப் போட்டா சீக்கிரம் தீர்ந்துடும். தீர்ந்தா யார்கிட்டயாவது கேக்கணும்" என்றார் மாமியார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நிலைமையைச் சரிசெய்ய மேலாளர் தன் பெருமைக்குரிய பொத்தானைத் திரையில் காட்டினார். நோயாளி ஒரு தடவை வராவிட்டால், வீட்டு ஆளின் ஃபோனுக்குத் தானாகவே தகவல் போய்விடும். ஒப்பந்தத்துக்கு முன்பே அவர் ஆறு மாதம் உழைத்துச் செய்தது அது.

"அதை எடுத்துடுங்க" என்றார் மாமியார்.

"ஏம்மா?"

"தெரிஞ்சா லீவு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துடுவாங்க. என்னால அவங்க பொழப்பு கெடக் கூடாது."

டாக்டர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். மேலாளர் சத்தமில்லாமல் ஒரு புது மஞ்சள் சீட்டை உரித்தார். இந்த ஒரு அம்மாவைச் சந்தித்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று டாக்டர் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நின்றிருப்பார்.

"டாக்டர், கையை விடுங்க. நான் யார்கிட்டயும் பேசவே இல்லை. இருபது பேரும் டீக்கடையில உக்காந்து எழுதின பொய். இவங்க நோயாளி இல்லை, என் மாமியார். வீட்டுல எனக்குப் பயந்து தும்மக்கூட மாட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்து பொய் சொல்ல வெச்சுட்டேன். எல்லாம் நேத்து நான் சொல்லிக்கொடுத்தது."

மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு நாற்காலி போவதைப் பற்றிக் கவலை இல்லை. மாமியாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவரோ டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் மெதுவாக.

கதவு திறந்தது. ஃபைல் அறைக்காரர் கயிறு கட்டிய ஒரு தடித்த கட்டோடு வந்து, நேராக மாமியாரின் முன்னால் அதை வைத்தார்.

"அம்மா இந்த சாரோட உள்ள வர்றதைப் பார்த்தேன், வழக்கம்போல எடுத்துட்டு வந்துட்டேன்; மூணு வருஷமா மாசாமாசம் வர்றவங்க, இந்த வீட்டு ஆள் நம்பர் எழுதற இடம் மட்டும்தான் இன்னும் காலியா இருக்கு" என்றவர், மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, "உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா சார்?" என்றார்.