அகமுகன் கல்யாணத்துக்குப் போனான்

மனைவி வீட்டுக் கல்யாணம் எதற்கும் இனிமேல் போவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தீர்மானம் செய்தேன். தீர்மானம் செய்வதில் எனக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை. அதை முத்துத்தாயிடம் சொல்வதில்தான் சிரமம்.

முத்துத்தாய் என் மனைவி. பிறந்த ஊர் உசிலம்பட்டி. நான் காசிமாயன், மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். எத்தனையோ சாம்ராஜ்யங்கள் எப்படிக் கவிழ்ந்தன என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் எனக்கு ஏதாவது லாபம் உண்டா என்றால், இல்லை.

அவளுடைய தம்பி முத்திருளனுக்கு வைகாசியில் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் நான் பந்தல் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும் என்று அந்த வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

கும்பிடுவதற்கு நான் அஞ்சவில்லை. அஞ்சியது சங்கிலி மாமாவுக்கு. அவர் முத்துத்தாயின் சித்தப்பா, மாட்டு வியாபாரி. என்னைக் கண்டால் போதும், எங்கிருந்தோ ஒரு காளையைப் பிடித்து வந்து, "படிச்ச மாப்ள, இதுக்கு எத்தனை பல்லுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்ல வேண்டுமாம். போன தடவை அதன் வாயைத் திறக்கப் போனேன். அது என் ஜிப்பாவின் ஒரு கையைத் தின்றுவிட்டது. தாலுகாவே சிரித்தது. காளைகூடச் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

இந்தச் சமயத்தில்தான் புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் அகப்பட்டது. மனோதத்துவம். அதில் உலகத்து மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வகையினருக்கு மனசு உள்ளே பார்க்கும். தனிமையும் யோசனையும் அவர்களுக்கு உயிர். கூட்டத்தைக் கண்டால் களைத்துப் போவார்கள். மற்ற வகையினருக்கு மனசு வெளியே பார்க்கும். நாலு பேர் சுற்றி இல்லாவிட்டால் வாடிப் போவார்கள். முதல் வகைக்கு அகமுகன் என்றும், மற்றதற்குப் புறமுகன் என்றும் நானே தமிழில் பேர் வைத்தேன்.

நான் எந்த வகை? தினமும் சாயங்காலம் என் வீட்டில்தான் சீட்டுக் கச்சேரி நடக்கும். எங்கள் நாடக சபையில் ராஜா வேஷம் எப்போதும் எனக்குத்தான். மேடையில் ஏறினால் இறங்க மனசு வராது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்தபோது லேசாகச் சந்தேகம் தட்டியது. உசிலம்பட்டியை நினைத்தேன். சந்தேகம் தீர்ந்துவிட்டது.

முத்துத்தாய் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"முத்துத்தாய், நான் அகமுகன்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல உத்தியோகம் மாத்திட்டாகளா?"

"உத்தியோகம் இல்ல. பிறவிக் குணம். கூட்டத்துல நின்னா என் மனசுல இருக்கிற தெம்பு வடிஞ்சு போகும்."

"எம்புட்டு வடியும்?"

"அம்புட்டும்."

"யாரு சொன்னது?"

"சீமையில பெரிய டாக்டர்க எல்லாம் எழுதியிருக்காங்க."

"மருந்து இருக்கா?"

"கிடையாது. சாகுற வரைக்கும் மாறாது. அதனாலதான் சொல்றேன், உன் தம்பி கல்யாணத்துக்கு நான் வரலை. வர மாட்டேன்னு இல்ல. வர முடியாது."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் அம்மியை வழித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"அகம்னா வீடுதானே?"

"மனசுன்னும் சொல்லலாம்."

"வீடுன்னும் சொல்லலாம்ல. வீட்டைப் பாத்த முகம். இது தெரியாம இம்புட்டு நாளா உங்களைக் கண்ட இடத்துக்கும் போக விட்டுட்டேன். இனிமே நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீக."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. மனோதத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்த மரியாதை சாயங்காலம் வரை இருந்தது. சீட்டாட அடுத்த வீட்டு ஹரிராம் வந்தார். ஜரிகை வியாபாரி, தங்கமான மனுஷர். நான் உள்ளே துண்டை உதறிப் போட்டுக் கிளம்புவதற்குள் வாசலில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"வாத்தியார் இருக்காராம்மா?"

"இருக்காகண்ணே. ஆனா அவுகளுக்கு அகமுகம்."

"ஐயோ. முகத்துல என்ன?"

"முகத்துல ஒண்ணுமில்ல, உள்ள. கூட்டம் ஆகாது. பிறந்ததுலருந்தே இருந்திருக்கு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"ஒட்டுமா?"

"ஒட்டாதுன்னுதான் நினைக்கிறேன். எதுக்கும் நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

கச்சேரி ஹரிராம் வீட்டுக்கு மாறியது. அவர்கள் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முத்துத்தாய் வந்து தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து எனக்கு ராஜ வைத்தியம். காப்பியை நிலைப்படியில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவாள். நானாகப் பேச்சுக் கொடுத்தால், "பேசாதீக, வடிஞ்சிரும்" என்பாள். பால்காரி சோணையம்மாள் எங்கள் வாசலில் மட்டும் ரகசியமாகப் பால் ஊற்றினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். நான் வலியப் போய்ப் பேசினால், "பரவாயில்ல, நீங்க போய் யோசனை பண்ணுங்க" என்றார்கள். யோசிப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது?

அடுத்த வாரம் பேயாண்டி வந்தான். என் பால்ய சிநேகிதன். நாடக சபையின் காரியதரிசி. அவனை மட்டும் முத்துத்தாய் உள்ளே விட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"மாப்ள, தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிருச்சு. உன்னைக் கூட்டத்துக்கு முன்னால நிறுத்துறது பாவம்" என்றான். "ஆனி மாச நாடகத்துல ராஜா வேஷத்தை ஹரிராமுக்குக் குடுத்தாச்சு."

அந்த வேஷத்துக்காகவே நான் மீசை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான்?"

"உனக்குத் தோதா ஒரு வேலை வச்சிருக்கேன். படுதாவுக்குப் பின்னால இருட்டுல தனியா உக்காந்து, மறந்துபோன வசனத்தை எடுத்துக் குடுக்கணும். ஒரு பய உன்னைப் பாக்க மாட்டான்."

"பேயாண்டி, அந்த மனுஷருக்குக் கோபம் வந்தா வாயில வீட்டுப் பாஷைதான் வரும். ராஜா சபையில மந்திரியைச் சௌராஷ்டிரத்துல திட்டினா எப்படி இருக்கும்?"

"மந்திரி நிஜமாவே பயந்துக்குவான். நல்லாத்தான் இருக்கும்."

அன்று முதல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அடே மந்திரி, என் வாளை எடு" என்று ஹரிராம் கத்த ஆரம்பித்தார். வசனத்தில் அது 'வாளைக் கொடு.' எடுத்தால் மந்திரி கையில் வாள் இருக்கும். ராஜா கையில் என்ன இருக்கும்? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அடுக்களைக்குப் போனேன்.

"முத்துத்தாய், நான் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படிச்சேன்."

"பேசாதீக."

"நீ கேளு. அகமுகமும் புறமுகமும் ஒரே ஆள்கிட்ட கலந்தும் இருக்குமாம். முக்காவாசிப் பேரு அப்படித்தானாம். கடைசிப் பக்கத்துல போட்டிருக்கான். நான் அதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப வடியாதா?"

"வடியாது. சொல்லப்போனா கூட்டத்துல நின்னாத்தான் எனக்கு ஊறும்."

அவள் நம்பாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குச் சந்தோசந்தான். ஆனா பேயாண்டி அண்ணன் நம்பணுமே. அவுக கண்ணால பாத்தாத்தான் நம்புவாக. கூட்டத்துக்கு எங்க போறது?"

இருவரும் யோசித்தோம். அதாவது, அவள் பேசாமல் இருந்தாள், நான் யோசித்தேன்.

"உன் தம்பி கல்யாணத்துல கூட்டம் வரும்ல?" என்றேன்.

"அட, ஆமா" என்றாள் முத்துத்தாய்.

உசிலம்பட்டிக்கு முதல் பஸ்ஸில் போய் இறங்கியவன் நான்தான். பேயாண்டியையும் கூடவே இழுத்துப் போனேன். பந்தல் வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் கும்பிட்டேன். முறை தெரியாதவர்களை மாமா என்றேன். வழியோடு போனவர்களையும் கூப்பிட்டு இலையில் உட்கார வைத்தேன். தாலி கட்டி முடிந்ததும் பெஞ்சின் மேல் ஏறி மணமக்களை வாழ்த்திப் பேசினேன். பேயாண்டி பார்க்கிறானா என்று பார்த்துப் பார்த்துப் பேசினேன். சங்கிலி மாமா காளையோடு வந்தார். ஜிப்பாக் கையைச் சுருட்டிக்கொண்டு அதன் வாயைப் பிளந்து, "நாலு பல்லு" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். எண்ணிப் பார்த்தவர், "மாப்ள தேறிட்டாரு" என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு இறங்க மனசில்லை.

சாப்பாடு முடிந்ததும் பேயாண்டியைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"பாத்தியா? இப்ப சொல்லு. ராஜா வேஷத்தை எனக்கே திருப்பிக் குடுப்பியா?"

பேயாண்டி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினான்.

"அதை எப்ப மாப்ள உன்கிட்டருந்து எடுத்தோம்? கல்யாணம் முடியிற வரைக்கும் அப்படிச் சொல்லி வைங்கன்னு தங்கச்சி கேட்டுச்சு. ஹரிராம்கிட்டயும் சுவத்து ஓரமா நின்னு கத்தச் சொன்னுச்சு. அவருக்கு ஆசை விட்டுப் போகலை, மந்திரி வேஷமாவது குடுங்கன்னு நேத்துக்கூடக் கேட்டாரு."

நான் நேராக முத்துத்தாயிடம் போனேன். அவள் மிச்சமிருந்த தேங்காய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் போனேன். வந்ததென்னவோ கேள்விதான்.

"இம்புட்டும் பண்ணியிருக்கியே, நீயே சொல்லு. நான் அகமுகமா, புறமுகமா? எந்த வகை?"

முத்துத்தாய் சாக்கின் வாயைக் கட்டி, என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சொன்னாக் கேக்குற வகை" என்றாள். "கொஞ்சம் சுத்திச் சொல்லணும். சரி, இதைத் தூக்குங்க, பஸ்ஸு வந்திரும்."