கரஸ்பாண்டென்ட் ஆன முதல் வாரம்

கல்வியைச் சீர்திருத்திய மாமனிதர்கள் உலகத்தில் சிலர்தாம். அவர்களில் ஒருவர் புனே நகரத்துச் சாங்வியில், மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் வசிக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. தன்னடக்கம் கருதி அவர் பெயரைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். கதை முழுவதும் அவரே வருவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நான்தான். பெயர் தங்கராஜ், சொந்த ஊர் நாசரேத். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு இலாகாவில் துணை மேலாளர்.

எங்கள் ஊர்ப்பக்கம் மனிதன் அடையக்கூடிய பதவிகளில் உச்சமானது பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கும் கரஸ்பாண்டென்ட் பதவி. கலெக்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் பெரியப்பா அதற்காகச் சர்ச்சுகளின் திருமண்டலத் தேர்தலில் நின்று நின்று தோற்றார். என் அப்பா பெரியப்பாவுக்கு ஓட்டுக் கேட்டே ஆயுளைக் கழித்தார். அந்தப் பதவியை நான் தேர்தலும் எதிரணியும் இல்லாமல், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கணபதி விழாக் காலத்தில் அடைந்தேன். வழி மிக எளிது. பள்ளிக்கூடத்தை வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

காரணம் என் மகன் ரூபன். ஐந்து வயது. பள்ளியில் கணபதிக்குப் படைத்த மோதகம் கொடுத்திருக்கிறார்கள், தின்றிருக்கிறான். தின்றதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, தினமும் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று அபிப்பிராயம் தெரிவித்தான். இதை விஷ்ராந்த்வாடியில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தை நடத்தும் பிரதர் ஜெபமணியிடம் கவலையோடு சொன்னேன். உலகம் பிள்ளைகளை இழுக்கிறது என்றார் அவர். அமெரிக்காவில் விசுவாசிகள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்று சொல்லி, அங்கிருக்கும் தன் மகன் அனுப்பிய ஒரு பெட்டிப் புத்தகங்களையும் தந்தார்.

இவ்வாறு உதயமானது ‘பெத்தானியா இல்லக் கல்வி நிலையம்’. கரஸ்பாண்டென்ட், தலைமையாசிரியர், ஆய்வாளர் ஆகிய பொறுப்புகளை நான் ஏற்றுக்கொண்டேன். மாணவர்கள் ரூபனும் அவனுடைய அக்கா, ஏழு வயது கெசியாவும். எஞ்சிய சில்லறை வேலைகளை என் மனைவி பெர்சிஸிடம் ஒப்படைத்தேன்.

பெர்சிஸ் அவுந்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ராஜினாமா செய்யச் சொன்னேன், எழுதிக் கொடுத்தாள். அந்தத் தலைமையாசிரியை அதை வாங்க மறுத்து, ஒரு வாரம் லீவு என்று வைத்துக்கொள்கிறேன், அடுத்த திங்கட்கிழமை நீ வராவிட்டால்தான் வேறு ஆள் என்று சொல்லிவிட்டாராம். பெர்சிஸ் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். ரோட்டில் போகிற வண்டிகளின் எண்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பவள். சோதனைக்காரனாகிய சாத்தான் எந்தெந்த உருவத்தில் வருகிறான் பார் என்று நான் விளக்கம் கொடுத்தேன். நமது நிலையத்துக்காக நாம் செய்த முதல் தியாகம் அது. நாம் என்றால் அவள்.

பாடத்திட்டம் ஆதியாகமம் முதல் அதிகாரம். திங்கட்கிழமை வெளிச்சம், செவ்வாய்க்கிழமை ஆகாயமும் தண்ணீரும் என்று ஆறு நாளும் சிருஷ்டிப்பு, ஏழாம் நாள் ஓய்வு. இதைவிடக் கச்சிதமான கால அட்டவணையை எந்தக் கல்வி வாரியமும் போட்டதில்லை.

திங்கட்கிழமை காலை துவக்க உரை ஆற்றிவிட்டு ஆபீசுக்குப் போனேன். மாலையில் வந்து ஆய்வு நடத்தினேன். பிறகு ஊழியர் கூட்டம். ஊழியர் தோசை வார்த்துக்கொண்டிருந்தபடியால் கூட்டம் சமையலறையில் நடைபெற்றது. வகுப்பறையாகிய சாப்பாட்டு மேஜையில் கோதுமை மாவு இருப்பது, பாடவேளை முடிவில் மணி அடிக்கப்படாதது ஆகிய குறைகளைச் சுட்டிக்காட்டினேன்.

"மணி அடிக்க ஆளில்லையே" என்றாள் பெர்சிஸ்.

"நீயே அடிக்கலாமே. காலிங் பெல் எதுக்கு இருக்கு?"

"அடிச்சா கதவத் திறக்கவும் நாந்தானே போகணும்" என்றாள். நிர்வாகம் அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னது.

அமெரிக்கப் புத்தகங்களோ உயர்தரமானவை. தினமும் ஜன்னலைத் திறந்து எவ்வளவு பனி விழுந்திருக்கிறது என்று மாணவன் அளந்து சொல்ல வேண்டும். ரூபன் தவறாமல் அளந்தான். தவறாமல் ஏமாந்தான்.

தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. எங்கள் வீடுகளில் புருஷனிடம் நேராகச் சொல்ல முடியாததைப் பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வாள். புருஷன் பக்கத்திலேயே மண்டியிட்டிருப்பான். ஆனாலும் பதில் பேச முடியாது, ஏனென்றால் அது அவனிடம் சொன்னது அல்ல. முடிவில் ‘ஆமென்’ சொல்வதுதான் அவன் வேலை. அது ஒரு மேலொப்பம். கோப்பைப் படித்துவிட்டா அதிகாரிகள் கையெழுத்துப் போடுகிறார்கள்? பெர்சிஸ் அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் நீளமாகவே ஜெபித்தாள். வேலை, திங்கட்கிழமை, இவருடைய மனசு என்று அவ்வப்போது காதில் விழுந்தது. நிலையத்துக்குச் சின்னமாகப் புறாவைப் போடலாமா, விளக்கைப் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆமென் மட்டும் தவறவில்லை. கணீரென்று சொன்னேன்.

வியாழக்கிழமை பாடம், வானத்துச் சுடர்கள். புனேயில் வியாழக்கிழமை மின்வெட்டு. கரன்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை. அன்று மாலை நான் வந்தபோது பெர்சிஸ் வாளியோடு படியேறிக்கொண்டிருந்தாள். பின்னால் மாணவர்கள் ஆளுக்கொரு சொம்போடு, சூரியன் பெரிதா நட்சத்திரம் பெரிதா என்று கேட்டபடி ஏறினார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னாள். உடற்பயிற்சியையும் வானவியலையும் ஒரே பாடவேளையில் இணைத்த ஊழியரை நான் மனதாரப் பாராட்டினேன். வாளியை வாங்கவில்லை. நிர்வாகம் ஊழியர் வேலையில் தலையிடக் கூடாது.

அன்று கெசியா என்னிடம், ஆண்டவர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், அம்மா எந்த நாளில் ஓய்ந்திருப்பார்கள் என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று நான் தள்ளுபடி செய்தேன்.

வெள்ளிக்கிழமை பெர்சிஸுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. நானே லீவு போட்டுவிட்டு மீன்களையும் பறவைகளையும் நடத்தப் புகுந்தேன். வெள்ளம் வந்தபோது மீன்களை நோவா பேழைக்குள் ஏற்றினாரா, வெளியே விட்டுவிட்டாரா என்று ரூபன் கேட்டான். அம்மாவிடம் கேள் என்றேன். அம்மாவை எழுப்பக் கூடாது என்று கெசியா வாசலை மறித்துக்கொண்டாள். நான் வேதத்தைப் புரட்டி விடை தேடுவதற்குள் ரூபன் ஹால் சுவரில் ஐந்தாறு பறவைகளைச் சிருஷ்டித்து, அவை நல்லது என்று கண்டான்.

உடனடியாக ஒரு ‘கல்விச் சுற்றுலா’வுக்கு உத்தரவிட்டேன். இடம், தரைத்தள வைஜயந்தி மாமியின் வீடு. அவர் சென்னைக்காரர், கணவர் பேங்கில். சுற்றுலா மாலைவரை நீடித்தது. அங்கே மாணவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரிப்பது பண்பல்ல. திரும்பி வந்தபோது ரூபன் கன்னத்தில் தேங்காய்ப் பூரணம் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷ்ராந்த்வாடியில் கூட்டம். பகல் விருந்துக்குத் தக்காளி சாதம் எங்கள் முறை. காய்ச்சல் விட்டும் விடாததுமாக பெர்சிஸ் விடியுமுன் எழுந்து அண்டா நிறையக் கிளறினாள். பாணேரிலிருந்து ஐ.டி. கம்பெனித் தம்பதி ஒன்று, எங்களைப் போலவே வீட்டில் பள்ளி தொடங்கும் எண்ணத்தோடு வந்திருந்தது. நான் எழுந்து சாட்சி சொன்னேன். பனி, சுடர்கள், சுற்றுலா எல்லாம் சொன்னேன். ஒரு வீட்டில் இவ்வளவும் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று பாணேர்ப் பெண் பெர்சிஸிடம் கேட்டாள். பெர்சிஸ் வாயைத் திறப்பதற்குள், கர்த்தருடைய கிருபை இருந்தால் போதும் என்று நான் பதில் சொன்னேன். பிரதர் ஜெபமணி கண் கலங்கி, இல்லப் பள்ளியின் மாணவியே நிறைவு ஜெபம் செய்யட்டும் என்றார்.

கெசியா மண்டியிட்டாள்.

"இயேசப்பா, ஃப்ரைடே அம்மாவுக்குக் காய்ச்சல் குடுத்தீங்களே, அதுக்கு ஸ்தோத்திரம். அன்னைக்கு மட்டுந்தான் அம்மா தூங்குனாங்க."

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். பெர்சிஸின் கண்கள் மூடியே இருந்தன. மூடிய இமைக்குள்ளிருந்து நீர் வழிந்து முகவாய்வரை வந்துவிட்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நாளைக்கு மண்டே. அம்மா ஸ்கூல்ல வேற கணக்கு டீச்சர் வந்துடக் கூடாது. அம்மா போகணும். நாங்களும் எங்க ஸ்கூலுக்குப் போகணும். அம்மா இதை டெய்லி உங்ககிட்ட கேட்டாங்க. அப்பாவும் டெய்லி ஆமென் சொன்னாங்க."

எல்லோரும் ஆமென் என்றார்கள். பாணேர்ப் பெண்ணின் குரல்தான் உரக்கக் கேட்டது. பிறகு யாரும் மண்டியிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மேலொப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. வாரம் முழுக்கக் கணீரென்று வந்த ஆமெனைச் சொல்ல வாயைத் திறந்தேன். இருமிப் பார்த்தேன், வரவில்லை.

கெசியா மூடிய கண்ணைத் திறக்காமலே ஆண்டவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க இயேசப்பா. அப்பா இன்னைக்குத்தான் காதுல வாங்கியிருக்காங்க."