தேதி குறிக்காத இரண்டாம் பதிப்பு

"டேய், இன்னிக்காவது அதை வெளியே விடுவியா, மாட்டியா?"

"கத்தாதேக்கா! பக்கத்து வீட்டுல கேக்கும்."

கேட்கத்தான் செய்தது. காதுக்குக் கதவா வைத்திருக்கிறார்கள்?

அந்த அக்காவின் தம்பிக்கு எங்கள் மாடி வரிசையில் 'பொறுங்க சார்' என்று பெயர். மருந்துக்கடைகளுக்கு ஒரு மென்பொருள் எழுதுகிறார். எந்த மாத்திரை எப்போது காலாவதியாகும் என்று அது சொல்லும். காசு கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை எவரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். அப்பேர்ப்பட்ட தாராளப் பிரபு, இரண்டாம் பதிப்பை மட்டும் வெளியிடாமல் அடைகாத்துக்கொண்டிருந்தார். அது வந்த பிறகுதான் கல்யாணம் என்று சபதம் வேறு. பெண் யாரென்றால், கடைத்தெரு மருந்துக்கடைக்காரி.

"அந்தப் பொண்ணு ஒரு மாசமா போனை எடுக்கல. கடைசியா என்ன சொன்னா?"

"ஒரு தேதி சொல்லுங்கன்னா."

"நீ?"

"பொறுன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கணினி முன்னால் இருந்த கூட்டாளி திரும்பினான். இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறார்கள். "சின்னப் பிழை ஒண்ணுடா. இருமல் மருந்தை ரெண்டு தடவை எண்ணுது."

பொறுங்க சார் அதைத் திருத்தினார். நேற்று வந்து இறங்கிய மருந்தெல்லாம் காலாவதி என்றது. அதையும் திருத்தினார். ரசீது அச்சாக மறுத்தது.

"இதெல்லாம் உன் கண்ணுல மட்டும் எப்படிடா படுது?" என்றார்.

"ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்," என்றான் கூட்டாளி அடக்கமாக. "இப்ப என்ன அவசரம்?"

"ஒரு குறையும் இல்லாத பிள்ளையைத்தான் வெளியே அனுப்பணும்னா, உன்னை அம்மா வாசப்படி தாண்ட விட்டிருப்பாளாடா?" என்றாள் அக்கா.

அது உறைத்தது. பொறுங்க சார் கூட்டாளியை நகர்த்திவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். தன் தப்பு ஒன்று தன் பெயரோடு ஊர் சுற்றுமே என்ற பயம் அவருக்கு. பாவம், அது யாருக்குத்தான் இல்லை? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

வானம் இடிந்து விழவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார். "டேய், நில்லுடா!" என்று கூட்டாளி கத்தியது காதில் ஏறவில்லை.

கடையில் அவளைக் காணோம். கல்லாவில் அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மாள் இருந்தார்.

"ரெண்டாம் பதிப்பு வந்துருச்சும்மா! முதல் முதலா உங்க கடையிலதான் போடணும்."

அம்மாள் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதுவா? போன வருஷத்துலேருந்து இதுலதானே தம்பி பில் போடறோம்?"

"நான் வெளியிடவே இல்லையே!"

"யார் வேணா எடுத்துக்கலாம்னு நீங்கதானே திறந்து வெச்சிருக்கீங்க? உங்க கூட்டாளிதான் போட்டுக் குடுத்தாரு. மக்கர் பண்ணினா ஓடி வருவாரு."

பொறுங்க சார் நாற்காலியைத் தேடினார். "அவங்க எங்கே?"

"அப்புறம் மக்கர் பண்ணாத நாள்லயும் வந்தாரு. போன வாரம் ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டாங்க, இப்ப வெளியூர்ல வீடு பாத்துட்டு வரத்தான் போயிருக்கா. சாட்சிக் கையெழுத்தே நான்தான் தம்பி போட்டேன்."